கொடி விழுந்த இடம்

பாசல் நகரில் எங்கள் கம்பெனிக்கு மூன்று கப்பல்கள் இருந்தன. அவற்றைக் கவனித்துக்கொள்ளத் தரைத்தளத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். அதற்கு மேலே இருந்த மூன்று மாடியும் கொடி இலாகா. நான் கொடி இலாகாவில் இருந்தேன். பெயர் எமில் பின்னிங்கர். கூட்டக் குறிப்பு எழுதுவதும் தட்டச்சு செய்வதும் என் வேலை. பன்னிரண்டு வருடம் செய்தேன். பிழை என்று ஒரு தாள்கூடத் திரும்பி வந்ததில்லை.

கடலே இல்லாத சுவிட்சர்லாந்தில் கப்பல் கம்பெனி எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் இலாகாத் தலைவர் டாக்டர் ஓக்ஸ்னர் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். "கடல் பக்கத்துல இருந்தா கவனம் சிதறும்."

கப்பலின் பின்பக்கம் பறப்பது நாட்டுக் கொடி. அது அரசாங்கத்தின் பாடு. கப்பலின் நடுவே நிற்கும் கொடிமரத்தின் உச்சியில் பறப்பது கம்பெனியின் சொந்தக் கொடி. கம்பெனியை நாங்கள் இல்லம் என்று சொல்வோம், அதனால் அது இல்லக்கொடி. பச்சைத் துணி, நடுவில் ஒரு வெள்ளை மலையாடு, அதன் காலடியில் மூன்று நீல அலை. ஆட்டின் கொம்பு எவ்வளவு வளைய வேண்டும் என்பதற்கு மட்டும் நான்கு கோப்புகள் இருந்தன. ஆடு சிரிக்கிறதா என்பது பற்றிய கோப்பு நான் சேர்வதற்கு முன்பே திறக்கப்பட்டு, நான் விலகும்போதும் முடியாமல் இருந்தது.

நவம்பர் ஒன்பது, இல்லத்தை நிறுவிய பெரிய பிர்ஸெக்கரின் பிறந்தநாள். அன்றைக்கு எங்கள் கப்பல் உலகத்தில் எங்கே இருந்தாலும், பாசல் நேரப்படி பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பழைய கொடியை இறக்கிப் புதுக்கொடி ஏற்ற வேண்டும். பதினேழாவது விதி. புயல் அடித்தால் என்ன செய்வது என்று ஒரு கேப்டன் கேட்டு எழுதினார். "வானிலை இல்லத்தின் உறுப்பினர் அல்ல" என்று பதில் போயிற்று. நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன்.

1964-ஆம் வருடம் நவம்பர் ஒன்பதாம் தேதி எங்கள் 'அடெல்ஹைட்' கப்பல் பிஸ்கே வளைகுடாவுக்கு வெளியே அட்லாண்டிக்கில் இருந்தது. காற்று கப்பலைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. கொடிக்கயிறு உச்சிக் கப்பியில் சிக்கிக்கொண்டது. மணி பன்னிரண்டாக மூன்று நிமிடம். கஸ்பார் ரெக்லி என்ற மாலுமி, முப்பத்துநான்கு வயது, புதுக்கொடியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறினார். பன்னிரண்டு மணி நான்கு நிமிடத்துக்குக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவரும் கொடியும் கடலில் விழுந்தார்கள்.

கேப்டனின் தந்தி அரைமணியில் வந்துவிட்டது. 'கஸ்பார் ரெக்லி கடலில் விழுந்தார். கொடியும் போயிற்று. தேடுகிறோம்.'

டாக்டர் ஓக்ஸ்னர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"பின்னிங்கர், இங்க பாருங்க. கொடியை ரெண்டாவதா எழுதியிருக்கார்."

"ஆமா டாக்டர்."

"என்ன மனுஷன்யா இவர்! எழுதிக்கோங்க. 'வரிசையைத் திருத்தி மறுபடி அனுப்பவும். கொடியைத் தேடினீர்களா?'"

கேப்டன் திருத்தி அனுப்பினார். மனிதரைத் தேட அவருக்கு வெளிச்சம் இருந்த அந்தச் சில மணி நேரம் கிடைத்தது. அதோடு நிறுத்திவிட்டுக் கிளம்ப இருந்தவரை எங்கள் தந்தி பிடித்து நிறுத்தியது. கொடிக்காகக் கப்பல் அதே இடத்தில் இன்னும் ஒன்றரை நாள் சுற்றியது. காற்று அடங்கிக் கடல் தட்டையாகிவிட்டதாகவும், இந்தக் கடலாக இருந்திருந்தால் ஆள் தலை நன்றாகத் தெரிந்திருக்கும் என்றும் கேப்டன் கடிதத்தில் எழுதியிருந்தார். இலாகாவுக்குச் சம்பந்தமில்லாத அந்த வரியை டாக்டர் சிவப்பு மையால் அடித்தார்.

கொடி தொலைந்தால் நிரப்ப வேண்டிய படிவத்தில் முப்பது கட்டங்கள். டிகிரி, நிமிடம், விநாடி வரை இடம் எழுத வேண்டும். தண்ணீரைத் தொடும்போது ஆடு எந்தப் பக்கம் பார்த்தது என்று எழுத வேண்டும். கேப்டன் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தார். வடக்கே 46 டிகிரி 40 நிமிடம், மேற்கே 8 டிகிரி 35 நிமிடம், அதற்கு மேல் விநாடிகள். நான் அதை மூன்று பிரதி தட்டச்சு செய்தேன். மனிதர் தொலைந்தால் நிரப்பப் படிவம் எங்களிடம் இல்லை. தரைத்தளத்தில் ஒன்று இருந்திருக்கலாம்.

தரைத்தளத்துக்காரர்கள் அவர் மனைவிக்கு இரண்டு வரி எழுதினார்கள். கணவர் கடலில் காலமானார், ஆழ்ந்த வருத்தம். ஜனவரியில் நாங்கள் எழுதினோம். இல்லக்கொடி தொலைந்தது தொடர்பான விசாரணைக்கு நேரில் வரவும்.

ஜோசெஃபா ரெக்லிக்கு முப்பது வயது இருக்கும். ஊரில் செஃபி என்று கூப்பிடுவார்களாம். ஊரி மாநிலத்தில், கோத்தார்ட் சுரங்கப்பாதையின் வாயிலில் இருக்கும் கோஷனன் ஊர்க்காரி. அங்கே ரயில் நிலைய உணவகத்தின் சமையலறையில் வேலை. முதல் ரயிலில் கிளம்பி வந்திருந்தாள். கறுப்பு உடை. காலணி பனி உருகி ஈரமாக இருந்தது. துணியில் சுற்றிய ஒரு பாலாடைக்கட்டித் துண்டை மேஜையில் வைத்தாள். "எங்க பக்கத்துக் கட்டி. உங்களுக்குன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றாள். தன் கணவருக்காகத்தான் இத்தனை பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள்.

நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஏழு உறுப்பினர்கள். ஓரத்தில் நான், காகிதத்தோடு.

டாக்டர் ஓக்ஸ்னர் ஆரம்பிப்பதற்குள் அவளே கேட்டாள். "ஐயா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவர் எந்த இடத்துல விழுந்தார்?"

"கடல்லம்மா."

"கடல்ல எங்க?"

"ஏன் கேக்கறீங்க?"

"எங்க ஊர்ல பனிச்சரிவுல போனவங்க, பாறை விழுந்து போனவங்க, எல்லாருக்கும் சிலுவையில இடம் எழுதுவாங்க. இன்ன பள்ளத்துல, இன்ன பாலத்துக்கிட்டன்னு. அப்பத்தான் வேண்டிக்கறவங்க எந்தப் பக்கம் திரும்பிக்கணும்னு தெரியும். பாதிரியார் கேக்கறார். வெறுமனே கடல்னு எழுதினா, எந்தக் கடல்னு எதிர்க் கேள்வி கேக்கறார்."

அந்த எண்கள் என் முழங்கைக்கு அடியில் இருந்தன.

"இடம் கோப்புல இருக்கு" என்றார் டாக்டர். "கோப்போட பேரு 'தொலைந்த கொடி, எண் ஒன்பது'. அதைப் பாக்கணும்னா, தொலைஞ்சவங்களுக்கு உறவா இருக்கணும்."

"நான் அவர் பொண்டாட்டி."

"யாரோட?"

"கஸ்பாரோட."

"கஸ்பார் பேர்ல இங்க கோப்பே இல்லையேம்மா. தொலைஞ்சது கொடி. கொடிக்கு நீங்க என்ன உறவு?"

அவள் என்னைப் பார்த்தாள். மேஜையில் இருந்தவர்களில் என் கோட்டுதான் கொஞ்சம் பழையது, அதனாலாக இருக்கும். நான் பென்சிலைச் சீவினேன்.

விசாரணை இரண்டு மணி நேரம் நடந்தது. முக்கியக் கேள்வியை டாக்டர் இப்படி வைத்தார்: "கொடி அவரைக் கூட்டிட்டுப் போச்சா, அவர் கொடியைக் கூட்டிட்டுப் போனாரா? முன்னது விபத்து. பின்னது, அனுமதி இல்லாம இல்லத்தோட சொத்தை அப்புறப்படுத்தினது. கீழே நின்ன ஆள் சாட்சி சொல்லியிருக்கார், விழும்போது உங்க வீட்டுக்காரர் ரெண்டு கையாலயும் கொடியைப் பிடிச்சிருந்தாராம்."

"ரெண்டு கையாலயுமா?" என்றாள் செஃபி. "ஒரு கையை விட்டுக் கயிறைப் பிடிச்சிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாரே."

"இருந்திருப்பார். வேலையில இருந்து நீக்கியிருப்போம்."

சமையலறையில் யாரோ எதையோ உடைத்துவிட்டால் பார்ப்பதுபோல டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாக்கெடுத்தார்கள். கஸ்பார் ரெக்லி கொடியைக் கடத்தியதாகக் கருத முடியாது, நான்குக்கு மூன்று. நல்ல செய்திதான் என்று டாக்டர் அவளுக்கு எடுத்துச் சொன்னார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது செய்வதுபோல இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, ஒரு வழி இருக்கிறது என்றார். நாற்பத்தோராவது விதி. தொலைந்த கொடிக்காக முறைப்படி துக்கம் காக்கும் பெண்ணை இல்லம் கொடியின் விதவையாக ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டால் அவள் உறவு. உறவானால் இடம் தெரியும். மார்ச்சில் ரைன் நதிக் கரையில் கொடிக்கு வெண்கலப் பலகை திறக்கப்போகிறோம், அதில் இடம் பொறித்திருக்கும், விதவை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

"நான் என்ன செய்யணும்?"

"கறுப்புக்குப் பதிலா பச்சைத் துணி கட்டணும். ஒரு பத்தி ஒப்பிக்கணும். அழுதாகணும்."

"அழறது ஒண்ணும் சிரமமில்ல."

"எதுக்கு அழறீங்கங்கறதுல தெளிவா இருக்கணும்."

எங்கள் நாட்டில் அப்போது பெண்களுக்கு ஓட்டு இல்லை. துக்கம் காக்க ஒரு தடையும் இல்லை.

அவளுக்குப் பயிற்சி கொடுக்க என்னை நியமித்தார்கள். பிப்ரவரியில் இரண்டு முறை வந்தாள். லீவு கேட்டு, ரயில் மாறி, அந்த ஒரு பத்திக்காக. 'பச்சை வயலே, வெள்ளை ஆடே, உன்னை அலை கொண்டுபோனது' என்று ஆரம்பிக்கும். டாக்டரே எழுதியது. அவள் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு போவாள். 'நீ இல்லாத மரம் வெறும் மரம்' என்ற இடம் வந்ததும் "கஸ்பார்" என்று வாய் தவறிவிடும்.

"ஆடு, ரெக்லி அம்மா" என்பேன்.

"ஆடு" என்பாள்.

மூன்றாவது தடவை தப்பு வந்தபோது, "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாய்யா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அதான்" என்றுவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் பலகையின் வாசகத்தை முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். வடக்கே 46 டிகிரி 40 நிமிடம் என்பதில் பிரச்சினை இல்லை. மேற்கே 8 டிகிரி 35 நிமிடம் என்று நான் வாசித்ததும் டாக்டர் ஓக்ஸ்னர் எழுந்து நின்றார். அந்தப் பேச்சு அப்படியே என் குறிப்பில் இருக்கிறது.

"கனவான்களே, மேற்கு எது? சூரியன் விழற திசை. நம்ம கொடி மேற்குல விழுந்துதுன்னு வெண்கலத்துல எழுதி வெச்சா, நாளைக்கு நதியோரம் நாய் கூட்டிட்டு நடக்கறவன் படிச்சுட்டு என்ன நினைப்பான்? இந்த இல்லம் அஸ்தமிச்சுடுச்சுன்னு நினைப்பான். முப்பது வருஷமா ஆட்டுக் கொம்பை நிமிர்த்தி வெச்சிருக்கோம், எதுக்கு? விழறதுக்கா? நம்ம கொடி விழுந்தாலும் உதிக்கற பக்கமாத்தான் விழும். கிழக்குன்னு போடுங்க."

எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். ஏழுக்குப் பூஜ்யம்.

"டாக்டர், ஒரு சந்தேகம்" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் நான் கேட்ட ஒரே சந்தேகம் அதுதான். "அப்படி மாத்தினா இடம் மாறிடாதா?"

"இடம் கடல்ல இருக்கு, பின்னிங்கர். கடல்ல மாறறதுக்கு என்ன இருக்கு?"

எழுதிக்கொண்டேன்.

மார்ச்சில் விழா. துறைமுகப் படித்துறையில் பித்தளை வாத்தியக் குழு, நீண்ட மேஜைகளில் மாவு சூப். நிறுவனரின் மகன், எண்பத்தோரு வயது பிர்ஸெக்கர் முதலாளி, சக்கர நாற்காலியில் கம்பளி போர்த்திக் கொண்டுவரப்பட்டார். பச்சைத் துணி கட்டிய செஃபியை அவர் முன்னால் நிறுத்தினார்கள்.

"விதவையா? ம். எத்தனை வருஷமாக் கொடியைத் தெரியும்?"

"கல்யாணம் ஆனதுல இருந்துங்கய்யா."

"நல்லவனா?"

டாக்டர் ஓக்ஸ்னர் இருமினார். அவள், "ரொம்ப நல்லவர்ங்கய்யா. கோபமே வராது. வீட்டுக்கு வந்தா ஒரு நிமிஷம் சும்மா உக்கார மாட்டார்" என்றாள்.

முதலாளி தலையாட்டினார். "நல்ல துணி."

டாக்டர் நாற்பது நிமிடம் பேசினார். அதில் ஒரு பகுதிக்குக் கைதட்டல் அதிகம். "சிலர் கேக்கறாங்க, ஒரு மாலுமியும் போனாரே, அவரைப் பத்தி ஏன் பேசறதில்லன்னு. மாலுமி வேணும்னா செய்தித்தாள்ல விளம்பரம் குடுப்போம், பத்து நாள்ல நாலு பேர் வருவாங்க. அதுல மூணு பேர் போனவரை விட நல்லாவே ஏறுவாங்க. கொடி அப்படி இல்ல. நூல் வரணும், சாயம் வரணும், ஆட்டுக்குக் கண் வைக்கணும். ஆறு மாசம் ஆகும். எது அரிதோ அதுக்குத்தான் துக்கம்."

பிறகு செஃபி ஒப்பித்தாள். ஒரு எழுத்துத் தவறவில்லை. 'நீ இல்லாத மரம் வெறும் மரம்' என்றபோது அழுதாள். அழுகை பாடத்தில் இருந்ததை விட நீளமாகப் போய்விட்டது. வாத்தியக் குழுவை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பிர்ஸெக்கர் முதலாளியே கைக்குட்டை எடுத்தார். "எங்க குடும்பத்துல யாரும் கொடிக்கு இப்படி அழுததில்ல" என்று ஓக்ஸ்னரிடம் சொன்னார். டாக்டருக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நாள் இல்லை.

பலகையின் திரையை விலக்கினார்கள். அவள் உடுப்புப் பையிலிருந்து ஒரு பென்சில் துண்டை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். கடைசி வார்த்தை வந்ததும் பென்சில் நின்றது. பலகையை ஒருமுறை பார்த்தாள், திரும்பி டாக்டரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் சூப் கிண்ணத்தில் கவனமாக இருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் கோஷனன் பள்ளி ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடவே ராணுவ வரைபடத்தில் ஒரு துண்டு. தங்கள் பலகையில் கண்ட எண்களைக் கணக்கிட்டதில், அந்த இடம் கடலில் இல்லை, ஊரி மாநிலத்தில் கோஷனன் ஊரில், தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில், திருமதி ஜோசெஃபா ரெக்லியின் நிலத்தில் அமைகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வரைபடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருந்தார்.

இலாகாவில் அப்படி ஒரு அமளியை நான் பார்த்ததில்லை. ஓர் உறுப்பினர் மெதுவாக, "அந்தக் கிழக்கு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"வெண்கலத்துல இருக்கறது தப்பாகாது" என்றார் டாக்டர்.

"கப்பல் கோஷனனுக்கு எப்படிப் போயிருக்கும், டாக்டர்? அங்க தண்ணின்னா ஒரு ஆறுதான் இருக்கு."

"கப்பல் எங்க போச்சுன்னு பாக்கத் தரைத்தளத்துல ரெண்டு பேர் இருக்காங்க. நம்ம வேலை கொடி. கொடி எங்க விழுந்ததுன்னு ஏழு பேரும் கை தூக்கி முடிவு பண்ணியிருக்கோம். அதுல உங்க கையும் இருந்துச்சு."

அவர் உட்கார்ந்துகொண்டார். ஐம்பத்திரண்டாவது விதியை எடுத்தார்கள். கொடி நிலத்தில் விழுந்தது தெரிந்தால், இலாகா உறுப்பினர்கள் தாங்களே சென்று தங்கள் கையால் மீட்க வேண்டும். கூலிக்காரர் கை கொடியின்மேல் படக்கூடாது.

மே மாதம் இரண்டாவது செவ்வாய் நாங்கள் எட்டுப் பேரும் கறுப்புக் கோட்டும் பச்சைக் கழுத்துப்பட்டையுமாக கோஷனனில் இறங்கினோம். மேலே சிகரங்களில் பனி இருந்தது. சரிவில் வெயில். செஃபி சமையலறை ஏப்ரனோடு நிலத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். பக்கத்தில் எட்டு மண்வெட்டிகளும் இரண்டு கடப்பாரைகளும் வேலியில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஆசிரியர் நாலு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார். ஊரில் பாதிப் பேர் கல்லறைச் சுவரின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எவ்வளவு ஆழத்துல இருக்கும்னு நினைக்கறீங்க?" என்று டாக்டர் ஆசிரியரைக் கேட்டார்.

அவர் செஃபியைப் பார்த்தார். "ஒரு முழம்" என்றாள் செஃபி. "ஒரு முழத்துக்குக் கீழ போயிருக்காது. ஆனா கயிறு கட்டின இடம் முழுக்கப் பாத்துடணும்."

டாக்டர் ஓக்ஸ்னர் கோட்டைக் கழற்றாமலேயே முதல் வெட்டு வெட்டினார். மண்வெட்டி கல்லில் பட்டு அவர் கையை உதறியது. சுவரிலிருந்து ஒரு கிழவர், "டாக்டரு, அதை முன்னபின்ன பாத்திருக்கீங்களா? பேனா பிடிக்கற மாதிரி பிடிக்காதீங்க" என்றார். சுவர் முழுக்கச் சிரித்தது.

செஃபி சிரிக்கவில்லை. எங்களுக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள்.

"கல்லைப் பொறுக்கி அந்த ஓரமாப் போடுங்கய்யா. கல்லு உரசினா கொடி கிழிஞ்சுடும்."

பொறுக்கினோம்.

"கட்டியை உடைச்சு விடுங்க. கட்டிக்குள்ள மடங்கிக் கிடந்தாலும் கிடக்கும்."

உடைத்தோம். ஆட்டுக் கொம்பு நிபுணர் ஒருவர், அறுபது வயது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்கட்டிகளைக் கையால் பொடியாக்கிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு அவள் ஒரு வண்டி மாட்டெரு கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இது எதுக்கு?" என்றார் டாக்டர்.

"மண்ணு இறுகிக் கிடக்கு. இதைக் கலந்து விட்டா இளகும். அடியில இருக்கறது தானா மேல வரும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். விதியில் எரு பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ தடையில்ல" என்றார். கலந்தோம்.

நண்பகலில் ஓர் உறுப்பினர் உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் கையில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தது. போதும் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அப்போதுதான் செஃபி அதைச் சொன்னாள். ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"விழும்போது ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தாருன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. கொடி இங்க இருந்தா அவரும் இங்கதான இருக்கணும்? பாத்துக் கொத்துங்க. ஆள் நல்ல உயரம். கால் அந்த மூலை வரைக்கும் வரும்."

எட்டு மண்வெட்டியும் நின்றன. சுவரில் சிரிப்பு நின்றது.

டாக்டர் ஓக்ஸ்னர் நெற்றி வியர்வையைக் கழுத்துப்பட்டையால் துடைத்துக்கொண்டார். "அவர் கிடைச்சார்னா தரைத்தளத்துக்குத் தெரியப்படுத்தறோம்மா" என்றார். பிறகு அந்த மூலைக்குப் போய்க் கொத்த ஆரம்பித்தார். மற்றவர்களும் போனார்கள். நானும் போனேன். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் எதிலாவது படுமோ என்று எனக்குக் கை கூசியது. அங்கே எதுவும் இருக்க முடியாது என்று அந்த எட்டுப் பேரில் நிச்சயமாகத் தெரிந்தவன் நான்தான். ஆனாலும் கூசியது.

சாப்பாட்டுக்கு மக்ரோனியும் உருளைக்கிழங்கும் ஆப்பிள் மசியலும் போட்டாள். மூன்று மணிக்கு நிலம் முழுவதும் முடிந்தது. கறுப்பாக, பொலபொலவென்று, ஒரு கல் இல்லாமல் இருந்தது. கொடி இல்லை.

மற்றவர்கள் ரயில் நிலையத்துக்கு இறங்கினார்கள். நான் கல்லறைத் தோட்டத்துக் குழாயில் கை கழுவப் போனேன். அங்கே வரிசையில் ஒரு புது இரும்புச் சிலுவை. கஸ்பார் ரெக்லி, 1930 முதல் 1964. கீழே வெள்ளை வண்ணத்தில் எண்கள். 46 டிகிரி 40 நிமிடம் வடக்கு. 8 டிகிரி 35 நிமிடம் மேற்கு. வண்ணம் காய்ந்து பல நாள் ஆகியிருந்தது.

செஃபி மண்வெட்டிகளைக் கழுவ எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ரெக்லி அம்மா" என்றேன். "மேற்குதான். எனக்குத் தெரியும். நான்தான் தட்டச்சு செஞ்சேன்."

"கோஷனன்ல கடல் இல்லன்னு எனக்குத் தெரியாதாய்யா?" என்றாள். மண்வெட்டியைக் குழாயில் காட்டினாள். "கிழக்குன்னு பலகையில பாத்தப்பவே இது உங்க ஆளுங்க வேலைன்னு புரிஞ்சுடுச்சு. வாத்தியார் பூகோளப் படத்தைத் திருப்பி மேற்குப் பக்கம் அதே எண்ல விரலை வெச்சார், அங்க தண்ணி இருந்துச்சு." மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, "முதல் நாளே நீங்க சொல்லியிருக்கலாம். பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க" என்றாள்.

"அதுக்குப் படிவம் இல்லம்மா."

அவள் அடுத்த மண்வெட்டியை எடுத்தாள்.

"அப்படின்னா எங்களை ஏன் வரவழைச்சீங்க?"

"வருஷா வருஷம் மே மாசம் கஸ்பார் லீவுல வந்து கொத்திக் குடுப்பார். கிழங்கு போடணும். இந்த வருஷம் ஆள் இல்ல." எட்டாவது மண்வெட்டியையும் கழுவி வேலியில் சாத்தினாள். "நீங்க கொத்தினது ஓரத்துல சரியில்ல. பரவால்ல, நான் பாத்துக்கறேன்."

ரயிலில் டாக்டர் ஓக்ஸ்னர் இரண்டு கையையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு அறிக்கையைச் சொன்னார், நான் எழுதினேன். கொடி விழுந்த இடம் ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்பட்டது. கொடி இன்னும் மேலே வரவில்லை. ஆண்டுதோறும் மே மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இலாகா முழுவதும் சென்று தேடுதல் விதியாக்கப்படுகிறது. ஏழுக்குப் பூஜ்யம், பெட்டியிலேயே வாக்கெடுத்தார்கள். கை தூக்கும்போது எல்லாருக்கும் வலித்தது.

மறுவருடம் போனபோது ஆசிரியர் கணக்கைச் சரிபார்த்திருந்தார். விநாடியில் சிறு பிழையாம். கயிறு இப்போது பக்கத்து வீட்டுக்காரியின் நிலத்தையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. அவள் கணவன் பனிச்சரிவில் போனவன். வேலியில் மண்வெட்டிகள் தயாராக இருந்தன.